வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க எந்த இடம்?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஒன்றில் இடம்பெற்ற உரையும், நேயர்களின் கேள்விகளுக்கு அளிக்கப்பட்ட பதில்களும்)



உடற்பயிற்சி சைக்கிள் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தச் சைக்கிளில் கடந்த வாரம் ஏறி மிதித்தவர் யார் என்று கேட்டால்தான் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். துண்டு காய்கிறது, கைலி காய்கிறது, பேரப்பிள்ளையின் பள்ளிப் பை தொங்குகிறது. வாங்கியவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சைக்கிள் வீட்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அது கைவிடப்பட்டதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஆகவே இன்று சைக்கிளைப் பற்றிப் பேசுவதைவிட, அதை வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இது ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. நம் ஊரில் 'இனிப்பு நீர்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பத்துப் பேர் கூடினால் அதில் மூவருக்கு அன்று இருந்தது என்பதே இதன் பொருள். கிளினிக்கில் மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "ஐயா, தினமும் நடங்கள்" என்கிறார். நடக்கலாம்தான். ஆனால் விடியற்காலையில் தெருநாய், மாலையில் மழை, சாலையில் வழிப்பறி பயம், சிலருக்கு முழங்கால் வலி என்று தடைகள் வரிசையாக நிற்கின்றன. இதற்கு மேல் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. 2013இல் மூவார், பிறகு 2015, 2019 என்று அது திரும்பத் திரும்ப வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வாசலைத் தாண்டி நடக்கவும் முடியாமல் போனது.

அப்படிப்பட்ட நாட்களுக்கு வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் நல்ல துணை. உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலில் இடி விழுவதில்லை. வண்டி நகராததால் விழுந்துவிடுவோம் என்ற அச்சமும் குறைவு. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே நகராத சைக்கிள்கள் இருந்தன. கப்பலுக்குள் இடம் கண்டுபிடித்தவர்கள் இருக்கும்போது, நம் வீட்டில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது.

முதலில் வெப்பத்தைப் புரிந்துகொள்வோம்

வெளிநாட்டு விளம்பரப் படங்களில் சைக்கிள் ஒரு சிறிய அறையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி நிற்கும். குளிர் நாட்டில் அது சரியாக இருக்கலாம். நம் நாட்டில் அப்படி வைத்தால் பத்தாவது நிமிடத்தில் இறங்கிவிடுவோம்.

காரணம் இதுதான். நாம் உண்ட உணவிலிருந்து தசை எடுத்துக்கொள்ளும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் மிதிக்குப் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். ஓரளவு வேகமாக மிதிக்கும் ஒருவர் மிதியில் 100 வாட் கொடுக்கிறார் என்றால், அவர் உடலுக்குள் ஏறக்குறைய 400 வாட் வெப்பம் உண்டாகிறது. முன்பு வீடுகளில் எரிந்த 100 வாட் குண்டு பல்புகள் நான்கைச் சட்டைக்குள் ஏற்றி வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வெப்பத்தை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு மணி நேரம் அப்படி மிதித்தால், அந்த வெப்பத்தை வெளியேற்றச் சுமார் 600 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டியிருக்கும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும். தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்கு அதே வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கிறது. வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளில் அந்தக் காற்று இல்லை. அதோடு நம் காலை நேரத்து ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஈரமான காற்று வியர்வையை எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஜன்னல் இல்லாத சாமான் அறையில் சைக்கிளை வைத்து, கதவையும் சாத்திக்கொண்டு மிதித்தால் என்ன ஆகும்? உடம்பு சூடேறிக்கொண்டே போகும், இதயம் கூடுதலாக அடிக்கும், தலை சுற்றும். அறுபது வயதைக் கடந்தவருக்கும், நீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்பவருக்கும் இது விளையாட்டல்ல.

எனவே ஒரு சைக்கிளுக்கு 1,000 ரிங்கிட் ஒதுக்குபவர், அதில் ஒரு பகுதியை நல்ல மின்விசிறிக்கு ஒதுக்கட்டும். விலை குறைந்த சைக்கிளும் வலுவான மின்விசிறியும் சேர்ந்தால், விலை உயர்ந்த சைக்கிளும் அடைத்த அறையும் சேர்ந்ததைவிட மேல் என்பது என் கருத்து. கூரையில் சுழலும் விசிறி போதாது. நிற்கும் விசிறியை முன்னால், ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில், காற்று மார்பிலும் முகத்திலும் படுமாறு வையுங்கள். ஜன்னல் ஒரு பக்கம், கதவு மறுபக்கம் திறந்திருந்தால், உள்ளே தங்கும் ஈரக்காற்று வெளியேறும். விசிறி இருந்தும் காற்று வெளியேற வழி இல்லையென்றால், சிறிது நேரத்தில் அதே வெந்த காற்றைத்தான் அது திரும்ப வீசும்.

புகைமூட்ட நாட்களில் கணக்கு மாறும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிவிட்டால் ஜன்னலைத் திறப்பதில் பயனில்லை. அன்று குளிர்சாதனம் உள்ள அறைதான் சரி. குளிர்சாதனத்தோடு விசிறியும் ஓடட்டும். மிதிக்கும் வேகத்தையும் நேரத்தையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மூடிய வீட்டுக்குள்ளும் புகையின் நுண்துகள் ஓரளவு நுழையத்தான் செய்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று ஓய்வெடுக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். "நன்றாக வியர்த்தால் கொழுப்பு கரையும்" என்று நம்பி, விசிறியை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் உடையைப் போட்டுக்கொண்டு மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இறங்கும் எடை தண்ணீரின் எடை. இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். அந்த வழக்கம் மயக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடியது. தயவுசெய்து வேண்டாம்.

ஹாலா, மேல்மாடி அறையா?

சைக்கிள் கண்ணில் பட வேண்டும். மேல்மாடியில் யாரும் போகாத அறையில் வைத்தால், அதற்காகவே ஒருவர் படியேற வேண்டும். அந்தப் படியேறும் முடிவை எடுப்பதற்குள் தொலைக்காட்சியில் நாடகம் தொடங்கிவிடும். ஆகவே ஹாலில், தொலைக்காட்சி தெரியும் இடத்தில் வைப்பதே நல்லது. வீட்டு அம்மாக்கள் இதை விரும்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். விருந்தினர் வந்தால் என்ன நினைப்பார்கள் என்பார்கள். அடியில் சிறு உருளைகள் உள்ள சைக்கிளாக இருந்தால் ஓரமாகத் தள்ளி வைத்துவிடலாம். நாற்பது நிமிட நாடகம் ஒன்றுக்கு இருபது நிமிடம் மிதித்தாலே போதும் என்று வீட்டுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டால், எதிர்ப்பும் குறையும்.

ஒரு சைக்கிள் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் பிடிக்கும். அதற்குச் சரியாக இடம் ஒதுக்கினால் போதாது. ஏறி இறங்கும் பக்கத்தில் இன்னும் 60 சென்டிமீட்டராவது வேண்டும். மறுபக்கம் கூர்மையான மேசை விளிம்போ கண்ணாடி அலமாரியோ இருக்கக்கூடாது. தலைக்கு மேலும் பாருங்கள். பழைய தாமான் வீடுகளில் பின்பக்கம் நீட்டிக் கட்டிய பகுதியின் கூரை தாழ்வாக இருக்கும். இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிக்கும்போது தலையும், கையை உயர்த்திச் சோம்பல் முறிக்கும்போது விரலும் கூரை விசிறியின் இறக்கைக்குள் போய்விடக் கூடாது.

அடுப்புக்கும் எரிவாயுத் தோம்புக்கும் அருகே வைக்காதீர்கள். மாடிப்படியின் விளிம்பில் வைக்காதீர்கள். மிக முக்கியமாக, கிரில் கதவை மறைத்து வைக்காதீர்கள். நம் வீடுகளில் ஏற்கெனவே பூட்டு மேல் பூட்டு. தீ என்று ஓடும்போது சைக்கிளைத் தாண்டிக் குதிக்க முடியாது. அடுக்குமாடியின் பொது நடைபாதையும் அப்படித்தான், அது எல்லாரும் தப்பிக்கும் வழி.

கார் நிறுத்தும் முன்வாசலில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சாரல் படும் இடமென்றால் திருகுகள் துருப்பிடிக்கும், மின்னணுத் திரை கெட்டுவிடும். கார் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதோ அணைத்த உடனேயோ அங்கே மிதிப்பதும் சரியல்ல. கொசுவையும் மறந்துவிடாதீர்கள். இவற்றைச் சமாளிக்க முடிந்தால் முன்வாசலையே தேர்ந்தெடுங்கள்.

தரை, சத்தம், வியர்வை

நம் வீட்டுத் தரை பெரும்பாலும் வழவழப்பான ஓடு. அதன்மேல் நான்கு சொட்டு வியர்வை விழுந்தால் எண்ணெய் கொட்டியதுபோல வழுக்கும். சைக்கிளுக்கு அடியிலும், கால் வைத்து இறங்கும் இடத்திலும் ரப்பர் விரிப்பு கட்டாயம் வேண்டும். சைக்கிளின் அடியில் நான்கு மூலையிலும் திருகக்கூடிய சிறு பாதங்கள் இருக்கும். அவற்றைத் திருகி ஆட்டம் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். ஆடுகின்ற சைக்கிளில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும், முதுகுவலி வரும். பலகை வீடாக இருந்தால், அடியில் உத்திரம் போகும் திசைக்குக் குறுக்காகச் சைக்கிளை வைத்துவிட்டால் பாரம் பரவும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. மிதிக்கும் நமக்குக் கேட்கும் சத்தம் வேறு, கீழ்வீட்டாருக்குக் கேட்கும் சத்தம் வேறு. நமக்குக் காதில் ஒரு மெல்லிய உறுமல்தான். அவர்களுக்கோ அதிர்வு தரை வழியாக இறங்கி, கூரையிலிருந்து 'ம்ம்ம்' என்று வரும். பட்டையை உராய வைத்துச் சக்கரத்தை இறுக்கும் வகையைவிட, காந்தத்தால் இறுக்கும் வகை அமைதியானது. தடித்த ரப்பர் விரிப்பு அதிர்வை ஓரளவு விழுங்கும். இரவு பத்து மணிக்கு மேல் மிதிக்க வேண்டாம். தொடங்குவதற்கு முன் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "சத்தம் கேட்டால் சொல்லுங்கள் அண்ணே" என்று கேட்டுக்கொண்டால் பல சண்டைகள் வராமலே போகும்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. கைப்பிடிக்கு அடியிலுள்ள திருகுகளையும் இருக்கைத் தண்டையும் அது சத்தமில்லாமல் அரிக்கும். இருக்கைத் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டால், உயரத்தை மாற்ற முடியாமல் போகும். மிதித்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். இரண்டு நிமிட வேலை. மிதிக்கும்போது கைப்பிடியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம். சைக்கிளில் துண்டு தொங்கவேண்டிய நேரம் அது ஒன்றுதான்.

குழந்தைகள் உள்ள வீடு

இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். முன்னால் கனமான சக்கரம் உள்ள சைக்கிள்களில் பல, சாதாரணச் சைக்கிளைப் போல மிதிப்பதை நிறுத்தினால் நிற்பதில்லை. சக்கரம் தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும், மிதியும் கூடவே சுழலும். நிறுத்துவதற்கு என்று ஒரு குமிழ் இருக்கும், அதை அழுத்த வேண்டும். வீட்டில் யார் ஏறினாலும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் குமிழைத்தான். சுழலும் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே, சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே குழந்தையின் விரல் போனால் துண்டாகும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. ஆகவே சக்கரமும் சங்கிலியும் முழுமையாக மூடப்பட்ட சைக்கிளையே வாங்குங்கள். தாத்தா மிதிக்கும்போது பேரன் தரையில் உட்கார்ந்து விளையாடுவது வேண்டவே வேண்டாம். மிதித்து முடித்ததும் இறுக்கத்தை முழுதாக ஏற்றிவிட்டு இறங்குங்கள். அப்போது சின்னக் கைகளால் சக்கரத்தை எளிதில் சுழற்ற முடியாது.

2021இல் அமெரிக்காவில் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் ஓட்டப் பட்டை இயந்திரத்தில் சிக்கி ஒரு குழந்தை இறந்த பிறகு, அந்த இயந்திரங்கள் திரும்பப் பெறப்பட்டன. சைக்கிளில் அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், சுழலும் எதுவும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும் என்பதை மறக்கக்கூடாது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். சேலையோடும் கைலியோடும் ஏறாதீர்கள். துணி மிதியில் சுற்றிக்கொள்ளும். சிலிப்பரும் வேண்டாம், மூடிய காலணி அணியுங்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, மிதியின் பட்டை தோலை உரசுவது தெரியாது. முடித்ததும் காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

நேயர்களின் கேள்விகள்

இருக்கையின் உயரத்தை எப்படி அறிவது என்று ஒரு நேயர் கேட்டார். பக்கத்தில் நிற்கும்போது இருக்கை உங்கள் இடுப்பெலும்பின் உயரத்தில் இருக்கட்டும். பிறகு ஏறி உட்கார்ந்து, குதிகாலை மிதியில் வைத்து அதைக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை வைப்பதால், முழங்கால் தானாகவே சற்று மடங்கியிருக்கும். முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பலர் இருக்கையை மிகத் தாழ்வாக வைத்திருப்பார்கள். இறங்கும்போது பயமாக இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அப்படியானால் பக்கத்தில் உறுதியான ஒரு சிறு படி வையுங்கள், இருக்கையைத் தாழ்த்தாதீர்கள். கணவனும் மனைவியும் ஒரே சைக்கிளைப் பயன்படுத்தினால், தண்டில் ஆளுக்கொரு நிறத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

மகனின் பந்தயச் சைக்கிள் சும்மா நிற்கிறது, அதையே பயன்படுத்தலாமா என்று இன்னொருவர் கேட்டார். பயன்படுத்தலாம். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கி கடைகளில் கிடைக்கிறது. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை வைத்துச் சமப்படுத்த வேண்டும். பின் டயர் உருளையில் உராய்ந்து சீக்கிரம் தேயும், சத்தமும் கூடுதல். இளைஞர்களுக்கு இது சரி. குனிந்து பிடிக்க முடியாத பெரியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதுகுவலி உள்ளவர்களுக்குச் சாய்வு நாற்காலிபோல இருக்கை கொண்ட வகைதான் ஏற்றது. இடம் சற்று அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் மிதிப்பது? வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. முதல் வாரத்திலேயே அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்கள், சைக்கிளின் திரையில் தெரியும் இதயத்துடிப்பு எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும். அவர்களுக்கும் இந்தப் பேச்சுச் சோதனைதான் சரி.

கடைசியாக ஓர் அம்மா கேட்டது. அவருடைய கணவர் இன்சுலின் போடுகிறார், காலையில் பசியாறுவதற்கு முன் மிதிக்கிறார், ஒருநாள் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியதாம். அம்மா, அது இரத்தத்தில் சீனி இறங்கியதன் அறிகுறியாக இருக்கக்கூடும். இன்சுலின் போடுபவர்களும் கிளிகிளசைட் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களும் மிதிப்பதற்கு முன் சீனி அளவைப் பார்க்க வேண்டும். 5க்குக் கீழே இருந்தால் முதலில் எதையாவது சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும். 4க்குக் கீழே என்றால் அன்று அந்த நேரத்தில் மிதிப்பதே கூடாது, உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். சாதாரண வியர்வைக்கும் சீனி இறங்கிய வியர்வைக்கும் அடைத்த அறையில் வேறுபாடு தெரியாது, இதுவும் விசிறி வேண்டும் என்பதற்கு ஒரு காரணம். சைக்கிளுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிறிய மேசை போடுங்கள். அதில் தண்ணீர், சீனி அளக்கும் கருவி, ஒரு பொட்டலம் இனிப்பான பழச்சாறு, கைத்தொலைபேசி நான்கும் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால், மிதிப்பதை நிறுத்திவிட்டு 999ஐ அழையுங்கள். அவர் தனியாக மிதிக்கும் நேரத்தில் அறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது, எந்த நேரத்தில் மிதிக்கிறார், எத்தனை நிமிடம் மிதிக்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.